இரண்டாவது நிமிஷத்தில்

மீனாட்சிபுரம் அண்ணா பஸ் ஸ்டாண்டில்
அவள் ஸ்பீக்கரை இறக்கிவைத்தபோதெல்லாம்
விசிலடித்துத் துரத்தியிருக்கிறேன்.
டைம்கீப்பர் வேலை.
குளச்சல் வண்டி நிற்கிற இடத்தில்
ஒருத்தி நின்று பாடினால்
வண்டி எங்கே போய் நிற்கும்?

பெயர் டெல்பின். குறும்பனைக்காரி.
ஸ்பீக்கருக்கு இரண்டு சக்கரம், ஒன்று கிடையாது.
தரையில் அது உரசி வரும் சத்தம் கேட்டால்
மணி ஐந்தேகால்.
அடுத்தவர்கள் பாட்டைத்தான் பாடுவாள்.
சிப்ஸ் கடை பிரகலாதன் பத்து ரூபாய் போடுவான்,
சில்லறை தட்டுப்படும் நாளில்
கேட்காமலே திருப்பி எடுத்தும் கொள்வான்.

ஆனி மழையில் ஒரு சாயங்காலம்
கரண்டு போய், பாட்டரியும் செத்து,
பாட்டு நடுவழியில் நின்றது.
அவள் நிற்கவில்லை.
எதிரே இருந்த போர்டுகளை வாசிக்கத் தொடங்கினாள்:
ராஜாக்கமங்கலம்,
மணவாளக்குறிச்சி,
திங்கள்சந்தை.
வெறும் ஊர்ப்பெயர்.
குளச்சலுக்கு வந்தபோது மட்டும்
கடைசி பஸ்ஸை விட்டவள் கேட்பதுபோல்
கேட்டாள்.

பஸ் வந்தது. நனைந்த சனம் ஏறவில்லை.
விசிலடித்தேன்.
அதையும் தாளத்தில் எடுத்துக்கொண்டாள் பாவி.
ஆத்திரத்தில் இன்னொன்று அடித்தேன்.
பாலிடெக்னிக் பையன் ஒருவன்
போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.
கொச்சியில் ஸ்டூடியோ, துபாயில் மேடை,
தலைமுடியில் நீலம், நாலு கோடிப் பேர்.
இரண்டாவது நிமிஷத்தில்
கூராக வரும் பாருங்கள் இரண்டு விசில்,
கல்யாண வீட்டில் பிள்ளைகள்
ஒன்றாய்க் குதிக்கிற இடம்,
அது நான்.
வீட்டில் சொன்னேன். மகள் சிரித்தாள்:
"வெரட்டினதுக்கு ராயல்டி கேக்கியளோ?"

போன மாதம் நாகர்கோவிலில் அவள் கச்சேரி.
டிக்கெட் எண்ணூறு. எனக்கு டியூட்டி.
ஸ்டாண்டு வாசலில் கறுப்புக் கார் ஒன்று
இரண்டு பஸ்ஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டது.
விசிலை எடுத்தேன்.
கண்ணாடி இறங்கியது. நீலம்.

"அடியுங்க சார்.
பன்னிரண்டு பேர வச்சு ஸ்டூடியோல அடிச்சுப் பாத்தோம்.
ஒருத்தருக்கும் அந்தக் கோவம் வரல்ல.
கடைசில போன்ல கெடந்தத அப்பிடியே வெட்டி வச்சோம்."

பின்னால் பதினேழு வண்டி ஹார்ன்.
என்ன செய்ய,
வாயில் வைத்தேன், ஊதினேன்.
காற்றுதான் வந்தது.

அதற்கே கார் நகர்ந்துவிட்டது.