ஒரு நூல்

ரிவர்ஸ் கியர் போட்டால் பானட்டுக்குள் ஒரு உதை.
யாரையோ உள்ளே வைத்துப் பூட்டிவிட்டதுபோல.
சும்மா நிற்கும்போதும் ஸ்டியரிங் நடுங்கி
என் முழங்கைவரை ஏறும்.
பின்கண்ணாடியில் ஒரு பசு
இரண்டு பசுவாகத் தெரியும்.

முப்பது வருஷத்து டீசல் ஜீப்.
ஆய்சென் பக்கத்துச் சரளைச் சாலை
தகரக்கூரை மாதிரி வரிவரியாய்க் கிடக்கும்,
தகரம் என்றேதான் இங்கே அதற்குப் பெயர்.
அதன்மேல் தினம் எண்பது கிலோமீட்டர்,
பின்சீட்டில் ஆடுகளுக்கான ஊசிமருந்துப் பெட்டி.

மவுண்ட் இரண்டும் சாந்தியாகோவிலிருந்து
பஸ்ஸிலும் படகிலுமாக ஒன்பது நாளில் வந்தன.
அட்டைப்பெட்டியைத் திறந்தால்
புதுச்செருப்பு வாசனை.

சனிக்கிழமை. காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது.
பேட்டரி ஒயரைக் கழற்றினேன்.
ஃபேன் கூட்டை அவிழ்த்துவிட்டேன்;
என்ஜின் எழும்பும்போது இறக்கை இடித்தால்
ரேடியேட்டரும் சேர்ந்து செலவு.
ஆயில் தொட்டிக்கு அடியில் லெங்கா மரக்கட்டை,
கட்டைக்கு அடியில் ஜாக்கி.
இடது பக்கம் மறுப்புச் சொல்லாமல் வந்தது.
வலது நட்டு, யாருக்கோ சத்தியம் செய்துகொடுத்த மாதிரி.
ஸ்பேனருக்கு வாலாக ஒரு தண்ணீர்க்குழாயைச் சொருகி
முழு உடம்பால் தொங்கினேன்.
கிறீச்சென்று ஒரு கால் சுற்று.
அப்புறம் இன்னொன்று.

பழைய ரப்பர் இரும்பைவிட்டு
எப்போதோ பிரிந்திருக்கிறது.
நடுவில் என் சுண்டுவிரல் போனது.
ஆயில் குடித்து ஊறிய ரொட்டியாய்ப் பிய்ந்தது.
இத்தனை நாள் என்ஜினை உட்காரவைத்திருந்தது
அதன் எடை மட்டும்தான்.

புதியதை வைத்தால் துளை ஒட்டவில்லை.
ஒன்றரை நூல் வித்தியாசம்.
படுத்துக்கொண்டு போல்ட்டைத் தள்ளினால்
ஜாக்கியின் கைப்பிடி எட்டாது.
எழுந்து ஜாக்கியை அழுத்தினால்
போல்ட்டுக்கு ஆளில்லை.
ஐந்து தடவை படுத்தேன், ஐந்து தடவை எழுந்தேன்.
ஆறாவது தடவை படுத்தபோது
ஜாக்கி பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ்.

வலது குதிகாலில் சைக்கிள் டியூப் ஒட்டு.
நிபால்டோ.
அக்கா வீட்டுக்காரன், பக்கத்து நிலத்துக்காரன்.
வேலிக்கம்பி ஓடைக்கு இந்தப் பக்கமா
அந்தப் பக்கமா என்பதில்
இரண்டு குளிர்காலமாய்ப் பேச்சில்லை.
ஒத்திலியா அக்கா அனுப்பியிருக்கலாம்.
நான் எழுந்து எழுந்து படுத்ததை
அவனே ஜன்னலிலிருந்து எண்ணியுமிருக்கலாம்.
நான் கேட்கவில்லை. அவன் வணக்கம் சொல்லவில்லை.
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"மேலே."
ஏறியது.
"இன்னும். இன்னும். நிறுத்து. கீழே."
"எவ்வளவு?"
"ஒரு நூல்."
"என் நூலா, உன் நூலா?"

சிரிப்பு வரக்கூடாதென்று
அடியில் கிடந்தபடி பல்லைக் கடித்தேன்.
கண்ணில் துரு விழுந்தது.
"யாருடையதோ ஒன்று. இறக்கு."

போல்ட் உள்ளே போன சத்தம்
சொடக்குப் போட்ட மாதிரி.
அவனுக்கும் கேட்டிருக்கும்.
"எடை இறங்கி உட்காரட்டும்,
அப்புறம் முறுக்கு" என்றான்.
இரண்டு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய
மிக நீளமான வாக்கியம்.
"தெரியும்" என்றேன்.
தெரியும்தான்.

சாவியைத் திருப்பினேன்.
ரிவர்ஸ்.
உதை இல்லை.
ஸ்டியரிங் மேல் வைத்த கை கையாகவே இருந்தது.
அந்த அமைதிக்குள்ளிருந்து
வேறொரு சத்தம் தலைநீட்டியது:
அடியில் எங்கோ தகடு ஒன்று கிடுகிடுவென்று.
"அடுத்தது சைலன்ஸர்" என்று சொல்லிவிட்டு
கையைப் பேன்ட்டில் துடைத்தபடி நடந்தான்.

கண்ணாடியில் ஒரே ஒரு நிபால்டோ.
வேலியில் மேல்கம்பியை அமுக்கி
ஒரு காலைத் தூக்கிப்போட்டு, நின்று,
மறு காலையும் எடுத்துக்கொண்டான்.
கம்பி அதே இடத்தில்தான் இருக்கிறது.
தப்பான இடம்.
இன்றும் சொல்வேன்.

என் பதினேழாம் நம்பர் ஸ்பேனர்
அவன் பின்பாக்கெட்டிலிருந்து
நீட்டிக்கொண்டு போனது.