இருநூறு பார்

பட்டர்வொர்த்தில், முக்குளிப்போருக்குக் காற்றடைக்கும் கடையை
யாப் மூடிவிட்டான்.
கடைசிச் சனிக்கிழமை, சில்லறை எண்ணிக்கொண்டே
மேசைக்கடியில் கிடந்த மஞ்சள் பெட்டியைக் காலால் தள்ளி
"இதை நீயே கொண்டுபோ லா" என்றான்.
ஆயிரத்து நூறு வெள்ளி.
கூரைக்கு எடுத்துவைத்த காசு.
தமயந்தி என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.
வேன் கதவை முதலில் திறந்தது யார் என்பது
இன்றுவரை எங்களுக்குள் முடிவாகவில்லை.

துப்பாக்கி வீட்டில் இருக்காது.
அது அலோர் ஸ்டாரில், கிளப்பின் இரும்பு அறையில்
லைசென்ஸ் எண்ணோடு தூங்குகிறது.
எங்களிடம் இருப்பது அதன் நுரையீரல் மட்டும்:
முழங்கை நீள அலுமினியக் குழல்,
கழுத்தில் பொறித்த காலாவதித் தேதி.
அவள் கைப்பையில் கிடக்கும்,
கிளினிக் சாவியோடும் பாதி தின்ற முறுக்கோடும்.

குசினிக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தில் வைத்தேன்.
அடியில் பழைய லாரி டயர்த் துண்டு.
வாளியில் மீன்தொட்டி மோட்டார்,
மீன்காரரிடம் வாங்கிய ஐஸ் இரண்டு பை.
நான் செம்பனை ஆலையில் பாய்லர்காரன்.
அங்கே முள் இருபதைத் தாண்டினால்
பேச்சை நிறுத்திவிட்டு எல்லோரும் எழுந்து நிற்போம்.
இங்கே, குளியலறைத் தகரக் கதவுக்கு இரண்டடியில்
இருநூறு.

முதல் நாள் நூற்று அறுபதில் வெடித்தது.
வேறொன்றுமில்லை, காப்புத் தகடு,
சுண்டுவிரல் நகமளவு செம்பு.
யாப் மெலிந்ததைப் போட்டு வைத்திருந்தான்.
ஆனால் லயம் முழுக்கக் கேட்டது.
கோழிகள் செம்பனைக்குள் ஓடின.
மக்சிக் ரொஹாயா வேலிக்கு மேல் எட்டி
தீபாவளி இந்த வருஷம் முந்திக்கொண்டதா என்று
மலாயில் கேட்டார்.
தமயந்தி சிரித்தாள்.
மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.
இன்னொரு தகடு வெடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

பிறகு கை பழகிவிட்டது.
முதலில் தண்ணீர் ஓட வேண்டும். அப்புறம் மின்சாரம்.
அதற்கும் அப்புறம்தான் திருகை மூடுவது.
தொடங்கியதும் குசினி விளக்கு ஒருமுறை மங்கும்,
ரேடியோவில் ஒரு செய்தி தொண்டை கமறும்.
மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஈரத்தைக் கக்கவிடுவேன்.
சீறிக்கொண்டு வரும்,
பால் கலந்த மாதிரி, எண்ணெய் வாடையோடு, ஒரு கரண்டி.
அவ்வளவும் இந்தக் காற்றில்தான் இருந்தது:
கெட்டில் ஆற்றுப் பனி,
கொடியில் நான்கு நாளாய்க் காயாத என் நீலச் சட்டை,
இரண்டு வீடு தள்ளி வேகும் நெத்திலிச் சம்பல்,
ஆலையிலிருந்து வரும் புளித்த வாடை.
நாங்கள் பேசாமலிருந்த மூன்று வாரத்தின் பெருமூச்சும்
எங்காவது கணக்கில் சேர்ந்திருக்கும்.

"நல்லா கக்கவிடுங்க.
ஈரம் தங்குனா வால்வு போயிரும்"
என்பாள், தட்டு கழுவிக்கொண்டே.

போன மாதம் சுபாங்கில் தேர்வுச் சுற்று.
அறுபது ஈயக் குண்டு.
ஒவ்வொன்றின் முதுகிலும் கைவைத்துத் தள்ளியது
எங்கள் குசினிக் காற்று, ஒரு சிட்டிகை.
பதினேழாவது இடம்.
திரும்பும் வழியில், தாப்பா தாண்டியதும் கேட்டேன்:
அந்தக் குளிர் அறையில் யாருக்காவது
நெத்திலி வாடை அடித்திருக்குமா?
"பக்கத்துல நின்ன பொண்ணு தும்முனா" என்றாள்.
"அவதான் மூணாவது."

நேற்றிரவு மழை.
மாற்றாத கூரை மூன்று இடத்தில் சொட்டியது.
ஐஸ் வாளியையே எடுத்துவந்து
கட்டில் ஓரம் வைத்தோம்.
அடுத்த வாரம் இன்னொரு போட்டி.
இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்து
குழலின் கழுத்தில் சோப்பு நுரை தடவினேன்.
ஒரு குமிழ் எழும்பியது, கடுகளவு.
பெரிதாகவும் இல்லை, உடையவும் இல்லை.
"பார்" என்றேன்.

போர்வைக்குள்ளிருந்து அவள்
"எத்தனை?" என்றாள்.