நாய்க்குத் தெரிந்த மொழி

மீன் தொழிற்சாலையில் பேடர் பேசுவது
பிசிறில்லாத நார்வேஜியன்.
பிள்ளைகளிடமும் அதுவே.
‘லாப்பன்’ என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாதே.
அம்மாவின் மொழி
நாய்க்கு மட்டும்,
அதுவும் கதவைச் சாத்திய பிறகு.

மார்ச்சில் ஒரு நாள்
ஃபியோர்டின் பனிக்கட்டி பிளந்து
நாயோடு நகர்ந்தது.
துறை முழுக்க ஆட்கள்.
நார்வேஜியனில் கூப்பிட்டான், விசிலடித்தான்.
யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல
தலையைச் சாய்த்து நின்றது அது.
இடைவெளி ஒரு முழம். இரண்டு.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஓர் அதட்டல்,
அந்த மொழியில்:
‘குதி!’

குதித்துவிட்டது.

தபால் நிலைய ராக்ன்ஹில்ட்
அதற்குள் குனிந்து
கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மறுநாள் தபால்தலை வாங்கப் போனான்.
விலை கேட்டான், சொன்னாள்,
நார்வேஜியனில்.
சில்லறையை மட்டும்
எண்ணாமல் வாங்கிக்கொண்டான்.