பிணம் சிரிக்கிறது

ஆறு நாளில் ஒரு படம்.
ஏழாம் நாள் குதிரைகளைத் திருப்பிக் கொடுக்காவிட்டால்
வாடகை ஏறும்.

என் வேலை தவறு கண்டுபிடிப்பது.
லோன் பைன் ஊருக்கு வெளியே, பாறைகளின் நடுவே
மடக்கு நாற்காலி, பென்சில், தொடைமேல் நோட்டு.
"வெர்னா, எழுதினாயா?"
எழுதினேன்:
சாராயக்கடைக்குள் நுழைகையில் இடது இடுப்பில் இருந்த துப்பாக்கி
வெளியே வருகையில் வலது இடுப்பில்.
வங்கிக் கொள்ளைக்காரன் மணிக்கட்டில் கடிகாரம்.
1870-ஆம் ஆண்டின் வானத்தில் மின்கம்பி.
ஆறு ரவைத் துப்பாக்கி பதினான்கு முறை வெடித்தது;
அதற்குப் பிறகுதான் வில்லனுக்கு
ரவை தீர்ந்துபோன ஞாபகம் வந்தது.
இயக்குநர் படித்துப் பார்ப்பார்.
சூரியனைப் பார்ப்பார்.
"சரி, அடுத்தது."

டெல்பர்ட் யோக்கம் காலையில் கொள்ளைக்காரன்,
கறுப்புத் தொப்பி, ஒட்டு மீசை.
மதியம் மீசையை உரித்துவிட்டு ஷெரிஃபின் ஆள்.
உற்றுப் பாருங்கள்,
தன்னைத்தானே துரத்துகிறான்,
ஒரே பாறையை மூன்று முறை சுற்றி,
பிடிபடாமல்.
ஒரு சாவுக்கு ஐந்து டாலர்.
மாடியிலிருந்து விழுந்து செத்தால் பன்னிரண்டு.

செவ்விந்தியர்களாக வந்தவர்கள்
பேக்கர்ஸ்ஃபீல்டின் பால்காரர்கள், ஒரு பல் வைத்தியர்.
செங்கல் நிறச் சாயம் வியர்வையில் வழிந்து
குதிரை முதுகெல்லாம் கறை.
கறையைக் கழுவியவர் ஐரா டன்னஹில். பையூட் இனத்தவர்.
அந்தப் பாறைகளுக்கு அவர் பாஷையில் பெயர்கள் இருந்தன.
அவரை நடிக்கக் கூப்பிடவில்லை.
முகம் பொருந்தவில்லையாம்.
இதை நான் எழுதவில்லை.
எனக்குக் கொடுத்த தாளில் தொப்பிக்குக் கட்டம் இருந்தது,
பொத்தானுக்கு இருந்தது.

ஒருமுறை ஃப்ரெஸ்னோவில், சனிக்கிழமைக் கூட்டத்தோடு
காசு கொடுத்துப் பார்த்தேன்.
சுவரில் மைக்கின் நிழல் ஆடியது.
"நிழலைப் பாருடா!" என்று பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
அடுத்த நொடியே
"பின்னாடி பாரு! பின்னாடி!" என்று கத்தினார்கள்,
அதே பையன்கள், தொண்டை கிழிய.
நாயகன் திரும்பினான்.
திரும்புவான் என்று எனக்குத் தெரியும்,
நோட்டில் நேரம்கூடக் குறித்திருந்தேன்.
நானும் கத்தினேன்.

கடைசி நாள், கடைசி வெளிச்சம்.
டெல்பர்ட் குண்டடிபட்டு விழுந்தான்.
குதிரை ஓடிப்போக வேண்டும். ஓடியது. நின்றது.
திரும்பி வந்து
செத்தவன் கழுத்திலிருந்த உப்பை நக்கியது.
பிணத்தின் வயிறு குலுங்கத் தொடங்கியது.
மறுபடி எடுக்கப் பிலிம் இல்லை.
எழுதினேன்: பிணம் சிரிக்கிறது.
"இருக்கட்டும்" என்றார்.

டெல்பர்ட் பிறகு நிஜமாகவே செத்தான்,
ஒரே ஒரு முறை,
மொஹாவியில் கவிழ்ந்த லாரிக்கு அடியில்,
ஐந்து டாலர் இல்லாமல்.

மதியம் இரண்டு மணிக்குத் தொலைக்காட்சியில் போடுகிறார்கள்.
கதை மட்டம். வசனம் அதைவிட மட்டம்.
பக்கத்து அறைக்காரி வேறு சேனல் கேட்கிறாள்.
இரு, இரு என்கிறேன்.
குதிரை திரும்பி வருகிறது.