பதினான்காம் மேசை

பழைய கணினி கோடையிலேயே செத்துவிட்டது.
அது ஓடினால் மாவு மில் ஓடுகிற மாதிரி இருக்கும்.
படத்தில் யாராவது ரகசியம் பேசினால்
யோவிதா முழங்கையால் இடிப்பாள்:
"உன் பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்து, செவெரின்."

கிதினியாவில் ட்ராலிபஸ் ஓட்டுகிறேன்.
பகல் முழுக்கத் தலைக்கு மேலே கம்பி முனகும்.
வீட்டில் எனக்கு வேண்டியது
வாயே திறக்காத ஒரு பெட்டி.

நவம்பர். பால்டிக் கடல் மழையைப் பக்கவாட்டில் அடிக்கிறது.
நாலாம் மாடி. சமையலறை மேசைமேல்
மூன்று பெட்டிகள்.

முதலாவது விரல் நீளம்.
டிவியின் முதுகில் அட்டைப்பூச்சி போல ஒட்டிக்கொண்டது.
விளம்பரம் காட்டியது, கணக்குத் தொடங்கச் சொன்னது,
என் பிறந்த தேதியைக் கேட்டது.
எங்கள் டிஸ்க்கில் இருந்த படங்களை மட்டும்
கடன் கேட்க வந்த சொந்தக்காரர்களைப் போலப் பார்த்தது.

இரண்டாவது சோப்புக்கட்டி அளவு. விசிறி கிடையாது.
உயிர் இருக்கிறதா என்று காது வைத்துப் பார்த்தேன்.
அதையே வைத்துக்கொண்டிருப்பேன்,
எங்களுக்குள் அந்தப் பழைய சண்டை மட்டும் இல்லாவிட்டால்.

சண்டை இதுதான்:
இந்த நாட்டு டிவியில் வெளிநாட்டுப் படம் வந்தால்
ஒரே ஓர் ஆண்குரல் எல்லார் வசனத்தையும் வாசிக்கும்.
காதலிக்கும் அவர்தான், கொலைகாரனுக்கும் அவர்தான்,
மழலை பேசும் பிள்ளைக்கும் அவரேதான்.
ஏற்ற இறக்கம் கிடையாது,
பிளாட்பாரம் எண் சொல்கிற மாதிரி.

எனக்கு அந்தக் குரல் வேண்டும்.
எட்டு மணி நேரம் வைப்பருக்கு இடையே ரோட்டைப் பார்த்த கண்
சப்டைட்டில் படிக்க மறுக்கிறது.
யோவிதாவுக்கு அந்தக் குரல் ஆகாது.
"ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள்,
இவன் குறுக்கே நின்று ரசீது வாசிக்கிறான்."
துறைமுகச் சுங்க அலுவலகத்தில்
நாளெல்லாம் ரசீதோடு கிடப்பவள் அவள்.

லிஃப்ட் ரிப்பேர் செய்யும் மேல்வீட்டு லுத்கார்தா
டீயில் எலுமிச்சையை நசுக்கியபடி சொன்னாள்:
"ஒரே படத்தை இரண்டு பிளேயரில் திறங்கள்.
ஒன்றில் படம், அசல் குரல். அது ஸ்பீக்கருக்கு.
இன்னொன்றில் வாசிக்கிறவர் மட்டும்.
அவரை இவர் காதுக்குள் அடைத்துவிடுங்கள்."

சோப்புக்கட்டி முயன்றது, பாவம்.
குதிரைகள் ஆற்றைக் கடக்கும் காட்சியில்
ஒவ்வொரு குதிரையும் மாடிப்படி இறங்குவது போல
விட்டு விட்டு நீந்தியது.
தொட்டுப்பார்த்தேன். காய்ச்சல்.

மூன்றாவது, வெய்ஹெரோவோவில் மூடிப்போன
இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றின் ஏலத்தில் வந்தது.
டிபன் டப்பா அளவு, கறுப்பு, மூலையில் ஒரு நெளிவு.
அடியில் இன்னும் ஸ்டிக்கர்: மேசை 14, இழப்பீடு.
எத்தனை வெள்ளம், எத்தனை தீ,
திருட்டுப்போன எத்தனை சைக்கிள்
அதன் வழியாகப் போயிருக்கும்!
இரண்டு பிளேயரையும் அசராமல்
இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டது.

விசிறி உண்டுதான்.
டிப்போவிலிருந்து ரப்பர் துண்டு ஒன்று கொண்டுவந்து
அதன்மேல் உட்காரவைத்தேன்.
முனகல் அலமாரிக்குள் இறங்கவில்லை.
மிச்சமிருந்ததை மழை மூடிக்கொண்டது.

ஒரே குறை, புளூடூத்.
ஹெட்போனில் என் ஆள் அரை நொடி பிந்தி வந்தார்.
யோவிதா சிரிப்பாள்,
சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்புவாள்,
அப்போதுதான் எனக்கு ஜோக் வந்து சேரும்.

நாலாம் நாள் இரவு அமைப்புகளைக் கிளறி
குரலை ஐந்நூறு மில்லிநொடி முன்னே தள்ளினேன்.
இருவரும் ஒன்றாகச் சிரித்தோம்.
அவள் திரும்பவில்லை.
நல்ல படம்தான், குறை சொல்வதற்கில்லை.
முடிகிறவரை
ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அவள் கெட்டிலை வைக்க எழுந்து போனதும்
எண்ணை முந்நூறாகக் குறைத்தேன்.
முழுசாகப் பழையபடி விடவில்லை.
அவ்வளவு லேட்டாக வருவது
என் தொழிலுக்கு ஒத்துவராது.