மழைமானி

காலை எட்டரைக்கு அளப்பது என் வேலை.
எஸ்டேட் ஆபீசுக்குப் பின்னால்
வேலி போட்ட சின்னச் சதுரம்,
நடுவில் ஒரு புனல், புனலுக்கடியில் போத்தல்.
பதினேழு வருடமாக
வானம் விட்டதை மில்லிமீட்டரில் எழுதி
குன்னூருக்குப் போன் செய்கிறேன்.

தவசி சொல்கிறார்:
அது மழையே இல்லை.

கோத்தகிரி பஜாரில், பஷீர் கடை பெஞ்சில்
வர்க்கியை டீயில் முக்கியபடி சொல்கிறார்.
எதிர்மலை உச்சியில் புதிதாய் நட்ட கோபுரம்,
அதன் சிவப்பு விளக்கு அன்றைக்கு
ஏழு தடவை நின்று நின்று எரிந்ததாம்.
எட்டாவது தடவை மேகம் கிழிந்ததாம்.
நாற்பது பக்க நோட்டில் தேதி, மணி எல்லாம் இருக்கிறது,
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு,
என் பதிவேட்டைவிடச் சுத்தமாக.

அன்றைக்கு என்றால்
ஒன்பதாம் லயத்தின் மேல் மண் இறங்கிய அன்று.
லோகாம்பாளையும் இரண்டு ஆடுகளையும்
மறுநாளைக்கு அரைத்துவைத்த மாவையும்
சேர்த்து மூடிய அன்று.
மாவுத் தூக்கு மட்டும்
மூன்றாம் நாள் மூடி கழலாமல் கிடைத்தது.

அதிகாரி வந்தார். சரிவு, மண்ணின் தன்மை,
அடைபட்ட வடிகால் என்றார்.
நல்ல மனிதர், பேசும்போது குரல் உடைந்தது.
ஆனால் வடிகாலின் சட்டையைப் பிடித்து
உலுக்க முடியாது.
மண்ணின் தன்மை குடியிருக்கும் வாசலில் போய் நின்று
ஏன்டா என்று கேட்க முடியாது.

கோபுரத்துக்குக் கேட் இருக்கிறது,
கேட்டில் ஒரு வாட்ச்மேன்,
அவனுக்கு மேல் ஒருவன், அவனுக்கும் மேல் ஒருவன்,
எல்லோருக்கும் மேலே
ஒரு மேசை.

மேசையைத் தவசிக்குத் தெரியும்.
அட்டன் பக்கத்தில் பிறந்தவர்.
எங்கோ ஒரு மேசையில் இரண்டு அரசாங்கங்கள்
இத்தனை தலை உனக்கு, இத்தனை தலை எனக்கென்று
பங்கு பிரித்ததில்
பதினோரு வயதில் கப்பலேறியவர்.
பார்க்காத கை, பார்க்காத பேனா.
ஆனால் கப்பல் நிஜம். வாந்தி நிஜம்.
மண்டபம் முகாமில் தட்டேந்தி நின்ற வரிசை நிஜம்.
அவரிடம் போய்
யாரும் எங்கேயும் உட்கார்ந்து
எதையும் தீர்மானிப்பதில்லை அண்ணே என்று
எந்த வாயால் சொல்வது?

இப்போது ராத்திரியில் ஆறு பேர்
டார்ச்சும் பிஸ்கட்டுமாக மேட்டில் உட்கார்ந்து
விளக்கை எண்ணுகிறார்கள்.
பச்சைத்தேயிலை விலை ஏறாததும் இதனால்தான் என்று
போஜன் சேர்த்துக்கொண்டார்.
துபாய்க்குப் போன மகன் பேசாததும்
இதனால் இருக்கலாம் என்கிறார் பஷீர்,
கொஞ்சம் தயங்கி.

ஒருநாள் நானும் போனேன்.
பனி எலும்பைத் தொட்டது. இருட்டில் யாரோ
பாதிக் கம்பளியை என் தோளுக்குத் தள்ளினார்கள்.
விளக்கு எரிந்தது.
நாலு, என்றோம் எல்லோரும் ஒரே குரலில்.
சத்தியமாய்ச் சொல்கிறேன்,
பதினேழு வருடத்துப் பதிவேடு
இந்தக் கதகதப்பை ஒருநாளும் தந்ததில்லை.

தவசி என் பக்கம் குனிந்தார்.
அன்றைக்கு எவ்வளவுன்னு எழுதின?
இருநூற்று முப்பத்தேழு.
மறைக்கிறானுங்க, என்றார். அதுக்கும் மேல.

மறைத்தது நான்.
போத்தல் இருநூறுதான் கொள்ளும்.
நடுராத்திரி எழுந்து அளந்து கொட்டிவிட்டு
திரும்ப வைத்திருக்க வேண்டும்.
எழுந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.
லயத்துக் கதவுகளைத் தட்டியிருப்பேன்.
தட்டாமலும் இருந்திருப்பேன்.
குளிர். போர்வைக்குள் கிடந்தேன்.
விடிந்தபோது போத்தல் வழிந்திருந்தது.
எவ்வளவு வழிந்ததென்று புல்லுக்குத்தான் தெரியும்.
நாற்பது என்று எழுதினால் சந்தேகம் வரும்,
முழு எண்ணை யாரும் நம்புவதில்லை.
அதனால் முப்பத்தேழு.

அவ்வளவுதான் சதி.
ஒரு போர்வை, மூடி தொலைந்த ஒரு பேனா.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.
நம்பமாட்டார்.
இத்தனை பெரிய சாவை
இத்தனை சின்ன ஆளிடம்
எப்படி ஒப்படைப்பார்?

அஞ்சு, என்றார் தவசி.
அஞ்சு, என்றேன்.