இருபத்தெட்டு கிராம்

ரெஜைனாவில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
கார் உறைந்துவிட்டதென்று வேலையிடத்தில் சொல்லியாயிற்று.
பாதி உண்மை.

திரைச்சீலையை இழுத்து மூடுகிறேன்.
உள்ளங்கையில் ஹெலிகாப்டர்,
ஒரு சப்பாத்தி உருண்டையைவிட லேசு.
நாற்பது நிமிடம் சார்ஜ், ஆறு நிமிடம் வானம்.
இந்தக் கணக்கை மட்டும்
மாதங்கி ஒப்புக்கொள்வதே இல்லை.

சோஃபாவின் முதுகைத் தாண்டி
காயப்போட்ட போர்வைக்கடியில் நுழைந்து வருகிறது.
வால் இடப்பக்கமே இழுக்கும்,
போன வாரம் ஃப்ரிட்ஜில் முட்டியதிலிருந்து
அப்படியொரு பிடிவாதம்.
ட்ரிம் பொத்தானை ஏழு தட்டு தட்டினால்
ஏதோ போனால் போகிறதென்று நேராகும்.
ஹீட்டர் துவாரத்துக்கு மேலே மட்டும் போகக் கூடாது.
அங்கே வேறொரு பைலட்.

கதவு. அவள்தான்,
நைட் ஷிஃப்ட் முடிந்து, பூட்ஸ்கூடக் கழற்றாமல்.
"விடிஞ்சது தெரியாதா இந்த வீட்டுக்கு?"
ஒரு கையில் கம்பளித் தொப்பி,
மறு கையால் திரையை விலக்குகிறாள்.

பனியில் பட்டுத் தெறித்த வெயில்
அறையெல்லாம் கொட்டுகிறது.
அதற்குள் எங்கோ கரைந்துபோனது
என் ரிமோட்டின் கண்ணுக்குத் தெரியாத கதிர்.
அந்தரத்தில் ஒரு கணம் யோசித்துவிட்டு
நேரே விழுகிறது
அவள் தொப்பிக்குள்.

"அசையாதே" என்றேன்.
அசையவில்லை.
கம்பளிக்குள் சிவப்பு விளக்கு மினுங்க,
எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்?"

"ரெண்டு நிமிஷம்."

திரையை மூடினாள்.
ரிமோட்டுக்குக் கை நீட்டினாள்.